சிறைவீடும் ஊர்வாசலும்

மானாம்பதியில் பிறந்தவர்களுக்கு உத்திரமேரூர் முதலில் தாலுகா ஆபீசுக்கும் மருந்துக்கும் உரத்துக்கும் போய்வரும் ஊர். அதன் பிறகே சரித்திரப் புத்தகத்தில் வரும் ஊர். அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும், கற்சுவரில் பொறிக்கப்பெற்ற சாசனங்கள் குடவோலை முறையால் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுத்த விதிகளை விரிவாகக் கூறுகின்றன. கால் வேலிக்கு மேல் நிலம் உடையவர், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவர், 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்கு உட்பட்டும் இருப்பவர் என்று தகுதியைச் சொல்லும் பகுதியைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். தகுதியற்றவர் யார் என்று சொல்லும் பகுதியை நின்று படிப்பவர் குறைவு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவரும், அவருடைய உறவினரும், பிறர் பொருளைக் கவர்ந்தவரும் விலக்கப்பெறுவது நியாயமே என்று நாம் மேலே செல்கையில், பாவம் செய்து, அதற்குரிய பிராயச்சித்தத்தையும் முறைப்படி முடித்துச் சுத்தரானவர்களும்கூடத் தம் ஆயுள் முடியுமட்டும் குடவோலையில் பெயர் எழுதப்பெறும் உரிமை அற்றவர்கள் என்னும் விதி வந்து நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

இவ்விதிகளை வகுத்த சபை பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. அதன் விதிகள் ஊரார் அனைவருக்கும் உரியனவாக எழுதப்பட்டவை அல்ல. பொதுப்பணத்தைக் கையாள்பவர் மாசற்றவராக இருக்கவேண்டும் என்ற கவலையிலிருந்து பிறந்த கண்டிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பரிகாரம் முடிந்தது என்று சபையே ஒப்புக்கொண்ட ஒரு மனிதனை, அப்பரிகாரம் நடவாததுபோலவே கடைசி நாள்வரை நடத்தவேண்டும் என்னும் எண்ணம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் ஊர்த் திண்ணைகளைவிட்டு அகலவில்லை என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணம். இன்றைய சட்டம் இவ்விஷயத்தில் பழைய சபையைவிட இளக்கமுடையது: 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவன், விடுதலையாகி ஆறு ஆண்டுகள் கழிந்தபின் சட்டசபைத் தேர்தலிலும் நிற்கலாம். ஆறு ஆண்டுகளில் சட்டம் மறந்துவிடுவதை ஊர் மறப்பதில்லை.

தமிழ் இலக்கியத்தில் இதற்கு எதிர்த்திசையில் நிற்கும் ஓர் எண்ணமும் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் பத்தொன்பதாம் காதைக்குச் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை என்று பெயர். அமுதசுரபியோடு சிறைக்கோட்டத்துக்குள் நுழைந்து பசித்தவர்க்கு உணவிட்ட மணிமேகலையை அழைத்து, வேண்டுவது யாதெனச் சோழ மன்னன் கேட்க, அவள் பொன்னும் மணியும் கேளாமல் அச்சிறையையே அறம் வளர்க்கும் இடமாக மாற்றித் தரும்படி கேட்டுப் பெறுகிறாள். அதே காப்பியத்தில் சில காதைகள் கழித்து அவளே சிறைப்படவும் நேர்கிறது. இறுதியில் அவள் வந்து சேரும் நகரம் நம் காஞ்சி. சிறைப்பட்டோரை விடுதலை செய்தலுக்குப் பழந்தமிழர் வைத்த பெயர் சிறைவீடு. வீடு என்னும் சொல் விடுதலையையும் இல்லத்தையும் ஒருங்கே குறிப்பதைப் பார்க்கும்போது, விடுதலை பெற்றவன் சென்று சேர ஓர் இல்லம் இருந்தாலன்றி விடுதலை நிறைவு பெறாது என்று மொழியே உணர்ந்திருந்ததுபோலத் தோன்றுகிறது.

சிறைப்பட்டோருக்குக் கல்வியும் தொழிலும் கற்பிப்பது பற்றி இன்று கருத்து வேற்றுமை அதிகம் இல்லை. அரசாங்கமும் நீதிமன்றங்களும் பத்திரிகைகளும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. மதிலுக்குள்ளே தொடங்கிய அப்பாடம் மதிலுக்கு வெளியே எங்கே, யாரால் தொடரப்படுகிறது என்ற கேள்விக்குத்தான் திருப்தியான விடை இல்லை. எனவே இவ்விஷயத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்ப்போம்.

வெகுதூரம் போகவேண்டியதில்லை. உத்திரமேரூரும் மானாம்பதியும் பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்தச் செங்கல்பட்டில் 1887-ஆம் ஆண்டில் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி ஒன்று தோன்றியது. 1876-ஆம் ஆண்டின் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம், குற்றம் செய்த சிறுவனைத் தேர்ந்த திருடர்களோடு சேர்த்து ஜெயிலில் அடைப்பது அவனுக்கு மேற்படிப்புக் கொடுப்பதாகும் என்பதை உணர்ந்து, அவனை எழுத்தும் கைத்தொழிலும் கற்கும் இடத்துக்கு அனுப்ப வழிசெய்தது. சிறுவர்களைப் பற்றிய சிந்தனை சென்னை மாகாணத்தில் மற்ற மாகாணங்களுக்கு முன்னதாகவே முதிர்ந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி: 1920-இல் இங்கே இயற்றப்பெற்ற சிறுவர் சட்டமே இந்தியாவில் முதலாவது, வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் பின்தொடர்ந்தன. சென்னை மாகாண உத்தியோகஸ்தராய் உயர்ந்த ஸர் அலெக்ஸாண்டர் கார்டியூவின் தலைமையில் 1919-20-இல் கூடிய இந்தியச் சிறைக் கமிட்டி, தண்டனையோடு திருத்தமும் சிறையின் நோக்கமாக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னது. 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் கட்டுப்பாட்டையே பெரிதாகப் பேசியதற்குப் பிறகு இது ஒரு புதிய குரல். அதன்பின் இளைஞருக்கென 1925-ஆம் ஆண்டின் போர்ஸ்டல் பள்ளிச் சட்டம் வந்தது. போர்ஸ்டல் என்பது இங்கிலாந்தில் கென்ட் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தின் பெயர். அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இளைஞர் பள்ளிமுறை அந்நாட்டிலேயே 1982-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டுவிட்ட பின்னும், அந்தக் கிராமத்தின் பெயர் தமிழ்நாட்டுப் பலகைகளில் நின்று வருகிறது.

இவ்வரலாறு முழுவதும் வெளிச்சம் என்று எண்ணிவிடக்கூடாது. சிறுவனைத் திருத்தலாம் என்று ஒரு கையால் சட்டம் எழுதிய அதே ஆட்சி, மறு கையால் 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எழுதி, சில சமூகங்களிற் பிறந்த குழந்தைகளைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிந்து, ஆண்களை இரவில் காவல் நிலையத்தில் வருகை கொடுக்கச் செய்தது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் அந்தப் பதிவை எதிர்த்து நின்ற மக்கள் துப்பாக்கிக்கு இரையானதும் இதே காலத்தில்தான். அவ்வாண்டே சென்னையில் சிறுவர் சட்டமும் நிறைவேறியது. திருந்துவதற்கு ஒருவன் முதலில் தவறு செய்திருக்கவேண்டும். தவறே செய்யாதவன் மேல் முத்திரை குத்தினால் அவன் எதிலிருந்து திருந்துவான்? சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதிலும் 1952-இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் ஒரு பகுதியில் களவு நடந்தால் இன்ன தெருவில் போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைக்கும் பழக்கம் சட்டத்தோடு நீங்கவில்லை. அந்தத் தெருவின் இளைஞன் ஒருமுறை சிறை சென்று திரும்புகையில் இரட்டை முத்திரையோடு திரும்புகிறான்.

சிறைக்குள் கற்பித்தலுக்கும் சிறைக்கு வெளியே கைவிடப்படுதலுக்கும் ஒருங்கே சாட்சியாக நிற்பது வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கை. அவர் அரசியற் கைதி. களவுக்கும் கொலைக்கும் சிறை சென்றவரோடு அவரை ஒப்பிடுவது முறையன்று. ஆயினும் கோயமுத்தூரிலும் கண்ணனூரிலும் அவரோடு கூட இருந்தவர்கள் அத்தகையவர்கள்தாம். செக்கிழுத்த கைகளைப் பற்றி நாம் ஆயிரம் முறை பேசியிருக்கிறோம்; கண்ணனூரில் உடனிருந்த சாதாரணத் தண்டனைக் கைதிகளுக்கு அவர் நீதிநூல்களைச் சொல்லிக் கொடுத்துவந்ததையும், அவர்களுக்கு எளிதில் விளங்கவேண்டும் என்ற கருத்தோடே மெய்யறம் என்னும் நூல் உருவானதையும் எத்தனை பேர் நினைக்கிறோம்? கைதிக்குக் கைதியே ஆசிரியனாகும் முறையை இன்று புதுமையாகப் பேசுகிறவர்கள், அது நம் நாட்டில் நூறாண்டுக்கு முன்பே ஒரு தமிழ் வழக்கறிஞரால் யார் கட்டளையும் இன்றி நடத்தப்பட்டது என்பதை அறியவேண்டும்.

அவர் 1912 டிசம்பரில் விடுதலையானார். கப்பல் விட்ட காலத்தில் ஊர்வலமாய் வந்த கூட்டம் அன்று சிறைவாசலில் இல்லை. வழக்கறிஞர் தொழிலுக்குரிய சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு கடை வைத்தும் புத்தகம் பதிப்பித்தும் குடும்பத்தைக் காக்க அவர் பட்ட பாடு நம் சமூகத்தின் மேல் உள்ள பழைய கடன்களில் ஒன்று. பல ஆண்டுகளுக்குப் பின் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் சன்னது திரும்பக் கிடைத்தபோது, அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். இதில் என் மனம் நின்றுவிடும் இடம் ஒன்று உண்டு. சட்டமும் மேதையும் தியாகமும் உடைய ஒரு மனிதருக்கே, அடைபட்ட கதவைத் திறக்க அதிகாரம் படைத்த இன்னொரு மனிதர் முன்வரவேண்டியிருந்தது. அப்படியானால் எட்டாம் வகுப்போடு நின்று, அடிதடி வழக்கில் ஏழாண்டு கழித்துவரும் ஒரு கிராமத்து வாலிபனுக்காகப் பேச முன்வருபவர் யார்?

இப்போது மதிலுக்குள்ளே நடப்பதைப் பார்ப்போம். சிறைத்துறை தன் பெயரையே சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை என்று மாற்றிக்கொண்டிருக்கிறது. கைதி என்ற சொல்லை விட்டுச் சிறைவாசி என்று எழுதுகிறது. அதிகாரிகளைப் பழக்குவதற்கென்றே 1979-இல் வேலூரில் தொடங்கிய பயிற்சிக் கழகம் தென்மாநிலங்களுக்குப் பொதுவாய் இயங்கிவருகிறது. மத்தியச் சிறைகளில் கையெழுத்துப் போடத் தெரியாதவர் எழுத்தறிகிறார். இடையில் படிப்பை விட்டவர் பத்தாம் வகுப்பும் மேல்நிலையும் எழுதுகிறார். அதற்கு மேல் விரும்புபவர்க்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் வாசல் திறந்திருக்கிறது. ஆண்டுதோறும் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் சிறைவாசிகள் இத்தனை பேர் தேறினர் என்ற சிறு செய்தி பத்திரிகை மூலையில் வருவதை நான் தேடிப் படிப்பதுண்டு. சிறை நூலகங்களுக்குப் புத்தகம் திரட்டுவதற்காக 2023-இல் சென்னைப் புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்னும் பெயரில் துறை ஓர் அரங்கு அமைத்தது. பெயர் வைத்தவர் புத்தகத்தின் இயல்பை அறிந்தவர்.

தொழிற்கல்வியும் உண்டு. வேலூரில் காலணி தைக்கிறார்கள், கோயமுத்தூரில் தறி நெய்கிறார்கள். ஈட்டும் கூலியில் ஒரு பகுதி, குற்றத்தால் துன்புற்றவர்களின் நிதிக்குப் பிடிக்கப்படுகிறது. கோயமுத்தூர்ச் சிங்காநல்லூரில் 1966-இல் தொடங்கிய திறந்தவெளிச் சிறையும், காளையார்கோவில் பக்கத்துப் புரசடை உடைப்பில் உள்ளதும், நம்பிக்கைக்குரியவர்களை மண்ணோடு பழகவிடும் இடங்கள். இவை எல்லாவற்றினும் என் உள்ளத்தைத் தொட்டது புழல், வேலூர் முதலிய சிறைகளை ஒட்டிச் சிறைவாசிகளே நடத்தும் பெட்ரோல் நிலையங்கள்தாம். வண்டியோட்டி வருகிறவன் ரூபாயை நீட்டுகிறான். தண்டனை அனுபவிப்பவன் எண்ணி வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருகிறான். நடுவில் கம்பி இல்லை. பணத்தைக் கையில் கொடுத்து ஒருவனை நம்புவதைக் காட்டிலும் பெரிய பாடத்தை எந்தக் கரும்பலகையில் எழுதமுடியும்? ஆனால் அந்த நம்பிக்கை விடுதலையன்றே காலாவதியாகிவிடுகிறது. சிறைவாசியாய் இருக்கும்வரை அவனிடம் பணம் கொடுத்து வாங்கும் அதே உலகம், விடுதலையான மறுவாரம் தன் கடையின் கல்லாவில் அவனை உட்காரவைப்பதில்லை.

கல்வி பயனளிக்குமா என்பதற்கு வெளிநாட்டு ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் ராண்ட் என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம் பல ஆய்வுகளைத் திரட்டி நோக்கி, சிறையில் கல்வி பெற்றவர் மீண்டும் குற்றத்துக்குள் விழும் வாய்ப்பு மற்றவரைவிட 43 சதவீதம் குறைவு என்று 2013-இல் வெளியிட்டது. படிக்கத் தானே முன்வருபவன் திருந்தவும் முன்னமே எண்ணியிருக்கக்கூடும் என்பதால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமற் போனாலும், திசை இன்னதென்பதில் ஐயமில்லை.

ஆனால் இப்பள்ளிகளும் பட்டறைகளும் யாருக்காக அமைந்தவை என்று கேட்டால் ஒரு பெரும் இடைவெளி தெரிகிறது. 2022-ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நால்வரில் மூவர் இன்னும் குற்றவாளி என்று தீர்க்கப்படாதவர்கள். பாடத்திட்டம் என்பது, தண்டனைக் காலம் இன்னதென்று தெரிந்து, நாட்களை எண்ணி உட்கார்ந்திருப்பவனுக்குப் பொருந்தும். ரிமாண்டில் இருப்பவனோ வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போய்வருகிறான். ஜாமீன் கிடைக்குமா, ஜாமீன்தாரர் கிடைப்பாரா என்ற கவலையில் அவன் மனம் புத்தகத்தில் நில்லாது. ஒரு மாலை திடீரென்று பெயர் கூப்பிட்டு அனுப்பிவிடுவார்கள். மூன்று மாதமோ எட்டு மாதமோ உள்ளிருந்த அக்காலத்தில் அவன் கற்றது, பக்கத்தில் படுத்திருந்தவன் சொல்லிக் கொடுத்ததுதான். 18 முதல் 24 வயதுக்குட்பட்டு முதன்முறை சிறைப்பட்ட இளைஞர்களைத் தனியே கவனிக்கச் சென்னையில் ‘பறவை’ என்ற பெயரில் ஒரு முயற்சி எழுந்தது இதை உணர்ந்ததால்தான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், முதன்முறை வழக்கில் சிக்கியவன், கடும் குற்றங்கள் சில நீங்கலாக, உச்சத் தண்டனையில் மூன்றிலொரு பங்கு காலத்தை விசாரணையிலேயே கழித்துவிட்டால் அவனை விடவேண்டும் என்கிறது. நல்ல விதி, அதனால் வெளியே வருகிறவனைக் கவனிக்க ஆள் வேண்டியிருப்பதும் அதிகமாகிறது.

வேறொரு வகையாலும் கூட்டமாக விடுதலை நிகழ்வதுண்டு. காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டையொட்டி 2008 செப்டம்பரில் 1,405 ஆயுள் சிறையாளர்கள் முன்கூட்டி விடுவிக்கப்பட்டனர். அரசன் பிறந்தநாளில் சிறைவீடு செய்த பழைய மரபின் தொடர்ச்சி என்றே இதைக் கருதுகிறேன். கருணையின் அளவு பெரியது. ஆனால் ஆயிரத்துக்கு மேற்பட்டவர் ஒருங்கே அத்தனை ஊர்களுக்குத் திரும்பினால், அத்தனை ஊர்களிலும் அவர்களுக்காக என்ன ஏற்பாடு இருந்தது என்பதையும் உடன் எண்ணியிருக்கவேண்டும்.

ஊருக்குத் திரும்புதல் என்றால் என்ன என்பதை இங்கிருந்தே எண்ணிப் பார்ப்போம். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குப் போகும் பேருந்து மானாம்பதி கூட்ரோட்டில் நிற்கிறது. கையில் ஒரு துணிப்பையோடு ஒருவன் இறங்குகிறான். பத்தாண்டுக்குப் பிறகு வருபவனாய் இருந்தால் டீக்கடைக்காரர் காசு வாங்காமல் ஓர் அட்டையைக் காட்டுவதே அவனுக்குப் புரியாது. யாரும் அவனை வைவதில்லை. பேச்சு சற்று நிற்கும். அவன் நடந்து கடந்ததும் மெல்லிய குரலில் மீண்டும் தொடங்கும். அவனுக்கு அன்று முதல் ஒரு பெயர் ஏற்பட்டுவிடுகிறது: உள்ளே போய்வந்தவன். அவனுடைய தங்கைக்கு வரன் பார்க்கும்போதும், பிள்ளையின் பள்ளிக்கூடத்து வாசலிலும், பக்கத்து நிலத்தில் மோட்டார் காணாமற்போன இரவிலும் அப்பெயர் அவனுக்கு முன்னே போய் நிற்கும். ரேஷன் அட்டையில் பெயர் அடிபட்டிருக்கும். வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும். தண்டனைக் காலத்தில் சேர்ந்த கூலி கையில் இருந்தால், பழைய கடன்காரரும் பழைய கூட்டாளியும் வீட்டாரைவிட முந்திக்கொண்டு விசாரிக்க வருவார்கள்.

வேலைக்கு வருவோம். ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் இப்பகுதியில் ஒரு காலத்தில் யாரும் அறுவடைக்குக் கூலியாகப் போய் நாலு மரக்கால் கொண்டுவரலாம். இன்று அறுவடையை இயந்திரம் செய்கிறது. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் செய்யாற்று சிப்காட்டுக்கும் இளைஞர்களை ஏற்றிச்செல்லக் கம்பெனிப் பேருந்துகள் விடியற்காலையில் கிராமங்களுக்கே வருகின்றன. செய்யாற்றில் காலணித் தொழிற்சாலைகள் இருக்கின்றன; வேலூர்ச் சிறையில் ஒருவன் காலணி தைக்கக் கற்கிறான். இரண்டுக்கும் நடுவே இருப்பது காவல் நிலையத்திலிருந்து பெறவேண்டிய நன்னடத்தைச் சான்று என்னும் ஒரு தாள். ஒப்பந்தக்காரர்கள் சான்று கேட்பதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தண்டனை முடிந்து இத்தனை ஆண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தான் என்பதையும் அதே தாளில் எழுதும் வழக்கம் ஏற்பட்டால் போதும், அது பூட்டாக இருப்பது போய்ச் சாவியாகிவிடும். இவ்விஷயத்தில் சட்டம் பாதி தூரம் வந்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், கண்டிப்போடோ நன்னடத்தைப் பிணையின் பேரிலோ விடப்பட்டவனுக்கு அத்தண்டனைத் தீர்ப்பால் எந்தத் தகுதிக்குறைவும் நேராது என்று தன் 12-ஆம் பிரிவில் உறுதி கூறுகிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் சிறுவர்க்குப் பொதுவாக அவ்வாறே செய்கிறது. சிறைக்கே சென்று, முழுத் தண்டனையையும் தீர்த்துவந்த பெரியவனுக்கு அத்தகைய உறுதி இல்லை.

இவ்வளவும் சொல்லும்போது எதிர்ப்பக்கத்து வீட்டை மறப்பது பெரும்பாவம். நகரத்தில் குற்றம் செய்தவனும் அதற்கு இரையானவனும் ஒருவரை ஒருவர் மறுபடி காணாமலே வாழ்ந்துவிடலாம்; கிராமத்தில் ஒரே குளத்துக்கும் ஒரே ரேஷன் கடைக்கும் ஒரே திருவிழாவுக்கும் போயாகவேண்டும். கணவனை இழந்தவள் கைம்பெண்ணாக அதே தெருவில் இருக்க, கொன்றவன் பட்டப்படிப்பு முடித்து மாலையோடு திரும்புகிறான் என்றால், அக்கல்வி அவளுக்குத் தீராத அவமானமாகத் தோன்றுவதில் தவறென்ன? சிறைச் சீர்திருத்தம் பேசும் நண்பர்கள் பலர் இக்கேள்வியைத் தவிர்த்துப் போகிறார்கள். அதனாலேயே ஊரார் அவர்கள் பேச்சைக் கேட்பதில்லை. கூலியில் ஒரு பங்கு துன்புற்றவர்க்குச் செல்லவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1998-இல் குஜராத் வழக்கில் கூறியது சரியான தொடக்கம். அத்தொகை ஏதோ நிதியில் சேர்ந்து கிடக்காமல் அந்த வீட்டுக் குழந்தையின் பள்ளிச் செலவுக்கு உரிய காலத்தில் போய்ச் சேர்வதையும், திரும்பி வருபவன் எந்த நாளில் வருகிறான், எந்தப் பாதையில் நடக்கமாட்டான் என்பதை அந்த வீட்டாருக்கு முன்கூட்டிச் சொல்லிவைப்பதையும் கல்வியின் ஓர் அங்கமாகவே நான் கருதுகிறேன்.

பெண்கள் நிலை வேறு. ஆண் திரும்பும்போது தாயோ மனைவியோ வாசலில் நிற்பாள். உள்ளே மனு போட்டுப் பார்க்கவும் மாதந்தோறும் பேருந்தேறிப் போயிருப்பாள். பெண் சிறை புகுந்தால் அவளை மனு போட்டுப் பார்க்க வருபவர் விரைவில் குறைகிறார்கள். ஆறு வயதுவரை குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம் என்று 2006-இல் சுப்ரீம் கோர்ட்டு விதித்தது. ஆறு வயது முடிந்த அன்று அக்குழந்தை யார் வீட்டுக்குப் போகிறது என்பதே அத்தாயின் மறுவாழ்வு எப்படி அமையும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

ஆகவே ஆசிரியரும் பட்டறையும் நூலகமும் இருந்தும் இல்லாதது ஒன்று: உள்ளிருந்து வெளியே கைபிடித்து அழைத்துவரும் வழித்துணை. இவ்வெண்ணத்தின் பிறப்பு மிக எளியது. பாஸ்டன் நகரத்துச் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஜான் அகஸ்டஸ், 1841-இல் ஒரு குடிகாரனுக்குத் தாமே பிணை நின்று கோர்ட்டிலிருந்து அழைத்துச் சென்று, சில வாரங்களில் அவனை வேறு மனிதனாகக் கொண்டுவந்து நிறுத்தினார். தம் ஆயுளுக்குள் ஏறக்குறைய 2,000 பேருக்கு இவ்வாறு பிணை நின்றார். உலகமெங்கும் உள்ள நன்னடத்தை அலுவலர் உத்தியோகம் அந்தச் செருப்புத் தொழிலாளியிடமிருந்து பிறந்தது. சென்னை மாகாணம் 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அதை ஏற்று, நாட்டுக்கு முன்னோடியாயிற்று. ஆனால் இன்று ஒரு மாவட்டத்துக்கு விரல்விட்டு எண்ணத்தக்க நன்னடத்தை அலுவலர்களே இருக்க, பரோல் விடுப்புக்கு விசாரணை அறிக்கை எழுதுவதிலும் கோர்ட்டுக்கு நடப்பதிலும் அவர்கள் பொழுது போய்விடுகிறது. அறிக்கை எழுதுவதற்காக ஒருமுறை ஊருக்கு வருபவர் துணைவராக முடியாது.

சிங்கப்பூரில் வாழும் நம் மக்களிடம் இதற்கு ஒரு மாதிரி இருக்கிறது. அங்கே இந்து அறக்கட்டளை வாரியம் ‘ஆசிரமம்’ என்னும் இடைநிலை இல்லத்தை நடத்துகிறது. தண்டனையின் கடைசிப் பகுதியைப் போதைப்பழக்கத்தால் சிறைப்பட்டவர் அங்கே தங்கி, பகலில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பிக் கழிக்கிறார்கள். 2004-இல் அந்நாட்டில் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் இயக்கம் திருந்தியவனைவிட அவனை ஏற்கவேண்டிய சமூகத்தை நோக்கியே பேசியது. கோயில்களின் நிர்வாகத்தோடு சேர்ந்த ஒரு ஸ்தாபனம் சிறையாளருக்கு இல்லம் நடத்துவது நம் ஊர்க் கோயில் தர்மகர்த்தாக்கள் கவனிக்கவேண்டிய செய்தி.

மானாம்பதி போன்ற ஊரில் இல்லம் கட்டவேண்டியதில்லை, ஆள் வேண்டும். அந்த ஆள் போலீஸ்காரராய் இருக்கலாகாது. ஊர் வழக்கில் ஒரு கட்சியைச் சேர்ந்தவராயும் இருக்கலாகாது. ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளை நூலகர், மகளிர் குழுவை நடத்திப் பழகிய ஓர் அம்மாள் இவர்களில் ஒருவர் ஆகலாம். இவர்கள் எல்லாரினும் மேலாக, பத்தாண்டுக்கு முன் தானே உள்ளே போய்வந்து இன்று தன் உழைப்பில் நிமிர்ந்து நிற்பவன் ஆகலாம். வெளியே வந்த முதல் மாதத்தில் இரவில் தூக்கம் வராது, கதவு தாழிடாவிட்டால் பயம், தாழிட்டாலும் பயம் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களின் கீழ்ச் சட்டத் தன்னார்வலர்கள் சிறு மதிப்பூதியத்தோடு பணிசெய்யும் முறை முன்னமே இருப்பதால், புதிதாக ஓர் இலாகாவைப் படைக்காமலே இதைத் தொடங்கலாம். பரோபகாரத்தை மட்டும் நம்பி இதை நடத்தலாம் என்பாரோடு நான் உடன்படவில்லை. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் கொடாமல் ஏழையின் பரோபகாரத்தை நீண்டகாலம் எதிர்பார்ப்பது அநீதி.

அத்துணைவர் செய்யவேண்டியதும் பெரிய வித்தை அன்று. விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன்பே புழலுக்கோ வேலூருக்கோ போய் அவனோடு பேசவேண்டும். திரும்பிவந்து அவன் வீட்டாரோடும், எதிர்ப்பக்கத்து வீட்டாரோடும் தனித்தனியே பேசவேண்டும். வந்தபின் ரேஷன் அட்டைக்கும் வங்கிக்கும் அவனோடு கூடப் போய் வரிசையில் நிற்கவேண்டும். ஒப்பந்தக்காரரிடம் இவனை எனக்குத் தெரியும் என்று சொல்லவேண்டும். அவன் குடித்துவிட்டு வந்த இரவுக்கு மறுநாளும் அவன் வீட்டுக்குப் போகவேண்டும். இவற்றுள் கடினமானது கடைசிதான். துணைவரைப் பொறுக்குவதில் ஜாதி வந்து குறுக்கே நிற்கும் என்பதையும் நான் அறிவேன். சிறைக்குள்ளேயே ஜாதிப்படி வேலை பகிர்ந்த விதிகள் செல்லா என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 அக்டோபரில்தான் தீர்ப்புக் கூறவேண்டியிருந்தது. ஊர் அதனினும் பழைய சிறை. காலனிக்காரன் ஊர்த்தெருவுக்கும் ஊர்த்தெருக்காரர் காலனிக்கும் துணைவராய்ப் போய்வர இணங்கும்வரை, இரு பக்கத்துக்கும் ஒவ்வொருவராக இருவரை வைத்துத் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்தது.

தண்டனை பெற்றவன் விடுதலையாகும் தேதி, கழிவுநாள் நீக்கிக் கணக்கிட்டுச் சிறை அலுவலகத்தின் பதிவேட்டில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு மூன்று மாதம் முன்னதாக அவன் ஊருக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்புவதில் துறைக்குச் சிரமம் ஒன்றும் இராது. மானாம்பதியில் அந்த அட்டையைப் பெற்றுக்கொள்பவர் யார் என்பதை வரும் கிராம சபையில் ஒரு பெயராகச் சொல்லவேண்டியவர்கள் நாம்.